வியன்னாவில் நல்ல காபி: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வியன்னாவுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் பலர், இறங்கியதும் பெயர்பெற்ற பழைய காபி மாளிகை ஒன்றின் வாசலில் போய் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே போய் வளைவுக் கூரையைப் படம் எடுத்து, கேக்கோடு ஒரு காபியும் குடித்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு பேர்?” என்று கேட்டபடி வெளியே வருகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கும். அதே நகரத்தில், அங்கிருந்து கொஞ்ச தூர நடையில், காபிக்கொட்டை எந்த நாட்டிலிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, என்றைக்கு வறுத்தது என்பது வரை சொல்லி, காபி போட்டுத் தருகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எப்படிப் போவது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும், எந்த நேரத்தில் அந்தப் பழைய மாளிகைக்கே போகலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: எதற்கு எங்கே போவது

வியன்னாவில் இரண்டு வகைக் காபிக்கடைகள் இருக்கின்றன. இரண்டும் இரண்டு வேலைக்கு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி ஏமாற்றம் போய்விடும்.

ஒன்று, பழைய காஃபிஹவுஸ். சலவைக்கல் மேசை, வளைமர நாற்காலி, மரச்சட்டத்தில் மாட்டிய நாளிதழ்கள், கறுப்பு உடையில் பரிசாரகர். இங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது நேரம். ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். இந்தப் பழக்கத்துக்காகத்தான் 2011இல் வியன்னாவின் காஃபிஹவுஸ் பண்பாட்டை ஆஸ்திரியா தன் யுனெஸ்கோ தேசியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கொடுக்கிற காபி பெரும்பாலும் நன்றாகக் கறுக்க வறுத்த கொட்டையில் போட்டது. குடிக்கலாம், ஆனால் அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

இன்னொன்று, ஸ்பெஷாலிட்டி காபிக் கடை. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் கொட்டையைச் சுவைத்து 100க்கு மதிப்பெண் போடுவார்கள். 80 அல்லது அதற்கு மேல் வாங்கியதற்குத்தான் ‘ஸ்பெஷாலிட்டி’ என்று பெயர். கொட்டையின் சொந்தச் சுவை தெரிய வேண்டும் என்பதற்காக இதை இளம் வறுவலாகவே வறுப்பார்கள். கடை சின்னதாக இருக்கும், சில இடங்களில் நாலைந்து பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். பரிஸ்டா என்றால் காபி போடுவதையே தொழிலாகக் கற்றவர்; 2012இல் உலக பரிஸ்டா போட்டி வியன்னாவில்தான் நடந்தது. இப்போது நகரின் பல வட்டாரங்களிலும் இந்தக் கடைகள் பரவியிருக்கின்றன.

ஆக, சுவைக்கு ஸ்பெஷாலிட்டி கடை, உட்கார்ந்து பேசவோ படிக்கவோ காஃபிஹவுஸ். நேரமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஸ்பெஷாலிட்டி கடைகள் காலை எட்டு, ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்து, ஆறுக்கெல்லாம் மூடிவிடும். காஃபிஹவுஸ்கள் பல இரவு வரை திறந்திருக்கும். பகலில் இதற்கும் ராத்திரியில் அதற்கும் போனால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

நம் நாக்கைத் தயார்படுத்துவது

இதைப் பலரும் சொல்வதில்லை, ஆனால் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவருக்கு இதுதான் முக்கியம். நாம் வளர்ந்தது கறுக்க வறுத்த கொட்டை, பலருக்குச் சிக்கரி, கெட்டிப் பால், சர்க்கரை என்ற கூட்டணியில். அந்த நாக்கோடு போய் எத்தியோப்பியக் கொட்டையில் போட்ட பாலில்லாத காபியை முதல் வாய் குடித்தால், “என்ன, புளிக்குதே” என்றுதான் தோன்றும். கெட்டுப்போன காபியோ என்றுகூடச் சந்தேகம் வரும்.

கெட்டுப்போகவில்லை. காபிக்கொட்டை ஒரு பழத்தின் விதை, அந்தப் பழத்துக்குரிய புளிப்பு அதில் உண்டு. கறுக்க வறுக்கும்போது அந்தப் புளிப்பு அடங்கிக் கசப்பு மேலே வரும். இளம் வறுவலில் புளிப்பு அப்படியே நிற்கும். நல்ல கொட்டையாக இருந்தால் அந்தப் புளிப்போடு இனிப்பும் சேர்ந்து வரும். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்ரிப் பழங்கள், மல்லிகை என்றெல்லாம் கடைப்பலகையில் எழுதியிருப்பது அதைத்தான். அந்த வாசனைகளை யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை.

பழகிக்கொள்ள ஒரு வரிசை சொல்கிறேன். முதல் கடையில் ஃப்ளாட் ஒயிட் கேளுங்கள். இரட்டை எஸ்பிரெஸோவில், அதாவது இயந்திர அழுத்தத்தில் இறக்கிய கெட்டிக் காபியில், கொஞ்சமாகப் பால், மேலே மெல்லிய நுரை. நம் காபிக்கு ஓரளவு நெருக்கமானது இதுதான். சர்க்கரை போடாமல் பாதி குடித்துப் பாருங்கள், பாலின் இனிப்பே போதும் என்று தோன்றலாம். போதாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. இரண்டாவது கடையில் பாலில்லாத ஃபில்டர் ஒன்று கேளுங்கள். அங்கே பரிஸ்டாவிடம், “புளிப்பு குறைவாக, சாக்லேட், கொட்டைப்பருப்பு மாதிரி இருப்பது வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னால், பெரும்பாலும் பிரேசில் போன்ற நாட்டுக் கொட்டையில் ஒன்றை எடுத்துத் தருவார். அது பிடித்துவிட்டால் அடுத்த நாள் எத்தியோப்பியாவுக்கோ கென்யாவுக்கோ போகலாம். நேராக எத்தியோப்பியாவில் தொடங்குகிறவர்கள்தான் முகம் சுளித்துத் திரும்புகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ஃபில்டர் காபி’ என்று கேட்டுவிட்டு டபரா டம்ளரை எதிர்பார்க்காதீர்கள். காகித வடியில் சொட்டுச் சொட்டாக இறக்கிய, தேநீர் நிறத்தில் இருக்கிற, பாலில்லாத காபி வரும். அதில் பால் ஊற்றினால் தண்ணீராகத்தான் இருக்கும். பால் வேண்டுமென்றால் எஸ்பிரெஸோ வகைக்கே போங்கள்.

கடைக்குள் நுழைந்ததும்

கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்லுங்கள். “க்ரூஸ் காட்” என்பது அந்த ஊர் வழக்கம்; “ஹலோ” என்றாலும் சரி. வியன்னாவில் ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய் நேராக ஆர்டர் கொடுப்பதை மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு சொல்லுக்குக் கிடைக்கிற முகமலர்ச்சி தனி. மற்றபடி ஜெர்மன் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். இந்தக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் நன்றாகவே ஆங்கிலம் பேசுவார்கள், பல கடைகளில் ஆங்கிலமே புழங்கும்.

அப்புறம் பலகையைப் பாருங்கள். ஒரு பக்கம் எஸ்பிரெஸோ வகை: எஸ்பிரெஸோ, கோர்ட்டாடோ, கப்புசினோ, ஃப்ளாட் ஒயிட். இவற்றில் பாலின் அளவுதான் மாறும். இன்னொரு பக்கம் ஃபில்டர் வகை. ‘பேட்ச் ப்ரூ’ என்று இருந்தால் இயந்திரத்தில் மொத்தமாகப் போட்டு வைத்தது: உடனே கிடைக்கும், விலையும் குறைவு, நல்ல கடையில் சுவைக்குக் குறை இருக்காது. ‘வி60’, ‘ஏரோபிரஸ்’, ‘ஹேண்ட் ப்ரூ’ என்று இருந்தால் உங்களுக்கென்று தனியாகக் கையால் போட்டுத் தருவது. இதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். கூட்டம் நெரிகிற நேரத்தில் இதைக் கேட்காமல், கடை காலியாக இருக்கும்போது கேளுங்கள்.

கூட்டம் இல்லாத நேரம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தராசின் மேல் கண்ணாடிக் குடுவை, அதன் மேல் கூம்பு, அதற்குள் காகித வடி. முதலில் வெறும் வெந்நீரை ஊற்றிக் காகிதத்தின் வாடையைப் போக்கிவிட்டு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவார். அப்புறம் அரைத்த பொடி, 15 கிராம் அளவில். அன்னப்பறவைக் கழுத்து மாதிரி வளைந்த மூக்குள்ள கெண்டியிலிருந்து பொடி நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு நிறுத்துவார். பொடி புஸ்ஸென்று மேலெழும்பி, குமிழ்விட்டு, மெல்ல அமரும். வறுவலில் உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. புதிதாக வறுத்த கொட்டை என்பதற்கு இதுவே சாட்சி. அரை நிமிடம் கழித்து, 92 முதல் 96 டிகிரிச் சூட்டில் இருக்கிற தண்ணீரை நடுவிலிருந்து வட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 250 கிராம் வந்ததும் நிறுத்திவிடுவார். இதற்குள் மூன்று நிமிடம் போயிருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் அவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தப் பண்ணை, கழுவிய கொட்டையா, பழத்தோடு காயவைத்ததா, எப்போது வறுத்தது என்று கேட்கக் கேட்க ஆசையாகச் சொல்வார்கள். கேள்வி கேட்கிற வாடிக்கையாளரைப் பிடிக்காத பரிஸ்டாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

காபி கைக்கு வந்ததும் உடனே குடிக்காதீர்கள். இதுதான் நமக்குக் கஷ்டம், நாம் ஆவி பறக்கக் குடித்துப் பழகியவர்கள். இளம் வறுவல் காபி ஆற ஆறத்தான் திறக்கும். சுடச்சுட இருக்கும்போது சூடு மட்டுமே தெரியும். வெதுவெதுப்பானதும் இனிப்பும் பழவாசனையும் வரும். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தால், இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று புரிந்துவிடும்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான கடைகளில் ஓரமாக ஒரு கூஜாவும் தம்ளர்களும் இருக்கும், நீங்களே எடுத்துக்கொள்ளலாம். வியன்னாவின் குழாய்த்தண்ணீர் ஆல்ப்ஸ் மலையூற்றுகளிலிருந்து வருகிறது. முதல் நீண்ட குழாய்வழியை 1873இலும் இரண்டாவதை 1910இலும் திறந்தார்கள். ஒரு கோப்பை ஃபில்டர் காபியில் ஏறக்குறைய 98 விழுக்காடு தண்ணீர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஊர் காபிக்கு மலைத்தண்ணீரின் பங்கு என்ன என்று தெரியும்.

காசு

எஸ்பிரெஸோ சுமார் 3 யூரோ, ஃப்ளாட் ஒயிட் 4 முதல் 5 யூரோ, கையால் போடும் ஃபில்டர் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ் பாலுக்குப் பல இடங்களில் தனியாக வாங்குவார்கள். ரூபாயில் கணக்குப் போட்டால் மனசு வலிக்கும், அதனால் ஒரு கோப்பையை இரண்டு பேர் பகிர்ந்து குடியுங்கள். இரண்டு வகையை ருசிபார்க்கவும் அதுவே நல்ல வழி.

ஆர்டர் கொடுக்கும்போதே கவுண்டரில் பணம் கட்டுவது பொதுவான முறை. கார்டு எடுத்துக்கொள்ளும் கடைகள்தான் அதிகம் என்றாலும் ஆஸ்திரியாவில் ரொக்கப் புழக்கம் இன்னும் நிறைய, கையில் 20 யூரோ வைத்திருங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. 4 யூரோ 60 காசு என்றால் 5 என்று முழுதாக்கிக் கொடுத்தால் போதும்.

மூன்று நடைகள்

எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை சரி என்கிறது; இரட்டை எஸ்பிரெஸோ, பெரிய ஃபில்டர் என்று மாறிமாறிக் குடித்தால் மூன்று கோப்பையில் அந்தப் பக்கம் நெருங்கிவிடுவீர்கள். நாளுக்கு இரண்டு கடை, மிஞ்சினால் மூன்று. நடுவில் நன்றாக நடக்க வேண்டும், ஏதாவது சாப்பிட்டிருக்கவும் வேண்டும். சின்னக் கடைகள் விடுமுறைக்கு மூடுவதும் இடம் மாறுவதும் சகஜம். கிளம்புவதற்கு முன் கைபேசி வரைபடத்தில் அன்றைய நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் நடை, எனக்கு மிகவும் பிடித்தது, ஷாட்டென்டோரில் தொடங்குகிறது. யூ2 மெட்ரோ ரயிலில் இறங்கினால் டிராம்கள் வளைந்து திரும்புகிற ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் யோனாஸ் ரைண்டல். அருகில், வேரிங்கர் தெருவின் தொடக்கத்தில் இருக்கிற கடைக்கும் அதே பெயர்தான். கொட்டையை அவர்களே வறுக்கிறார்கள். பக்கத்தில் பல்கலைக்கழகம் என்பதால் மாணவர் கூட்டம் இருக்கும், வாரநாளில் காலையிலேயே போவது நல்லது. வெளியே வந்தால் எதிரே இரட்டைக் கோபுரத்தோடு ஃபோட்டீஃப் தேவாலயம். அதைக் கட்டிய ஹைன்ரிஷ் ஃபோன் ஃபெர்ஸ்டல்தான் பக்கத்திலிருக்கிற பல்கலைக்கழகக் கட்டடத்தையும் கட்டினார். கஃபே சென்ட்ரல் என்ற பெயர்பெற்ற பழைய காஃபிஹவுஸ் இருக்கிற அரண்மனையும் அவர் கைவேலைதான்.

அங்கிருந்து ஆல்சர் தெரு வழியாக நடந்தால் ஆல்சர் தேவாலயம் வரும். 1827இல் பீத்தோவனின் உடலை வைத்து இறுதி வழிபாடு நடத்தியது இங்கேதான். அதன் பக்கவாட்டில், ஷ்லூசல் சந்தில், பி.ஓ.சி. என்ற சிறிய காபிக்கடை இருக்கிறது. தேவாலயக் கட்டடத்தோடு ஒட்டிய இடம், தடித்த சுவர், உள்ளே போனாலே சத்தம் குறைந்துவிடும். பாலில்லாத ஃபில்டரை இங்கே குடியுங்கள், அவசரப்படாமல் பேசிக்கொண்டே குடிக்க ஏற்ற இடம். குடித்துவிட்டுத் தெருவைக் கடந்தால் எதிரே பழைய பொது மருத்துவமனை. பேரரசர் இரண்டாம் யோசப் 1784இல் திறந்தது. இப்போது பல்கலைக்கழக வளாகம். முற்றம் முற்றமாகப் புல்வெளியும் மரங்களும் இருக்கும், கடைசியில் மனநோயாளிகளை வைத்திருந்த வட்டக் கோபுரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கமாக வெளியே வந்தால் ஷ்பிட்டால் சந்தில் காபி பைரட்ஸ். விசாலமான கடை, இவர்களும் சொந்தமாக வறுப்பவர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இங்கே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது நடை கார்ல்ஸ்பிளாட்ஸில். ஃபவோரிட்டன் தெருவில் காஃபிஃபாப்ரிக் என்ற சின்னக் கடை; அங்கே ஒரு எஸ்பிரெஸோ. அதே தெருவில் இன்னும் கொஞ்சம் மேலே போனால், ஒரு கட்டட முனையில் துருக்கிய உடையில் காபி ஊற்றுகிற ஒருவரின் சிலை, 1885இல் வைத்தது. அவர் கோல்ஷிட்ஸ்கி. 1683இல் துருக்கியப் படை முற்றுகையைக் கைவிட்டு ஓடியபோது விட்டுப்போன மூட்டைகளில் காபிக்கொட்டை இருந்ததாகவும், அதை வைத்து இவர்தான் வியன்னாவின் முதல் கடையைத் திறந்ததாகவும் கதை. ஆவணங்களில் இருப்பது வேறு பெயர். 1685இல் காபி விற்க உரிமம் வாங்கியவர் யொஹானஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனிய வணிகர். அவருக்குச் சிலை இல்லை, ஆனால் இந்தச் சிலை இருக்கிற அதே நாலாம் வட்டத்தில் அவர் பெயரில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. கதைக்காரரையும் உரிமக்காரரையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

அப்படியே ஷ்லைஃப்முல் சந்துக்கு வந்தால் ஆல்ட் வீன் காஃபி, கொட்டை வாங்க நல்ல இடம். பெயரில் கவனம் தேவை: பழைய நகருக்குள் பெக்கர் தெருவில் ‘காஃபி ஆல்ட் வீன்’ என்று இன்னொன்று இருக்கிறது. அது சுவரொட்டிகள் ஒட்டிய, இருட்டான, ராத்திரி நேரத்துப் பழைய கடை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வரைபடத்தில் பெயரை மட்டும் தட்டினால் தவறான இடத்தில் போய் நிற்பீர்கள். அடுத்து நாஷ்மார்க்ட் சந்தை. சனிக்கிழமை என்றால் அதன் கோடியில் பழைய பொருள் சந்தையும் கூடும். அங்கிருந்து மாரியாஹில்ஃபர் தெருவைத் தாண்டி ட்சோலர் சந்தில் காஃபெமிக்; வாசல் கடந்ததும் கடை முடிந்துவிடுகிற அளவுக்குச் சின்னது.

மூன்றாவது நடை குறைந்த நேரம் இருப்பவர்களுக்கு. ஷ்வேடன்பிளாட்ஸில் இறங்கி கிரீக்கன் சந்துக்குப் போனால் ஃபென்ஸ்டர் கஃபே. ஒரு ஜன்னல்தான் கடை, உட்கார இடம் கிடையாது. உட்புறம் சாக்லேட் பூசிய ஐஸ்கிரீம் கோனில் காபி ஊற்றித் தருவார்கள், படத்துக்காக நிறைய பேர் நிற்பார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும். காபிக்காக என்றால் சாதாரணக் கோப்பையில் கேளுங்கள். டான்யூப் கால்வாயைக் கடந்து பிராட்டர் தெருவில் பால்தசார். இங்கே உட்காரலாம், எஸ்பிரெஸோ வகைகள் எதையும் நம்பிக் கேட்கலாம்.

ஞாயிறும் ஆகஸ்டும்

ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையிலிருந்து பலசரக்குக்கடை வரை பெரும்பாலும் மூடியிருக்கும். காபிக்கடைகள் அந்தச் சட்டத்துக்குள் வராது என்றாலும், ஸ்பெஷாலிட்டி கடைகளில் சில ஞாயிறு விடுமுறை விடும், திறந்திருப்பவை தாமதமாகத் திறக்கும். ஆகஸ்டில் உரிமையாளரே விடுமுறைக்குப் போய், கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு இரண்டு வாரம் மூடுவதும் உண்டு.

மடிக்கணினியை விரித்து வேலை பார்க்கலாமா? வாரநாளில் பெரிய கடைகளில் சரி. வாரக்கடைசியில் பல இடங்களில் மேசை மேலேயே வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். நாலு மேசை உள்ள கடையில் ஒரு மேசையை மூன்று மணி நேரம் பிடித்துக்கொள்வது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது. அந்த வேலைக்குக் காஃபிஹவுஸ் இருக்கிறது.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கேக், குக்கீ, வாழைப்பழ ரொட்டி எல்லாவற்றிலும் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆஸ்திரியாவில் உணவுப்பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் பக்கத்திலும் சின்னதாக ஆங்கில எழுத்துகள் போட்டிருப்பார்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக. ஏ என்றால் கோதுமை போன்ற தானியம், சி என்றால் முட்டை, ஜி என்றால் பால், ஹெச் என்றால் முந்திரி, பாதாம் வகை. சி இல்லாத பண்டமாகப் பார்த்து எடுங்கள். பாலும் முட்டையும் இல்லாத வீகன் பண்டம் ஒன்றாவது இந்தக் கடைகளில் இருக்கும், இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டிகூடப் பல இடங்களில் வீகனாகவே கிடைக்கிறது. பழைய காஃபிஹவுஸ் கேக்குகளில் சிலவற்றில் ரம் சேர்ப்பதுண்டு, வேண்டாதவர்கள் கேட்டுவிடுவது நல்லது.

ராத்திரி, காஃபிஹவுஸுக்கு

இங்கே முறை வேறு. வாசலில் காத்திருக்கச் சொல்லிப் பலகை இல்லையென்றால் நீங்களே போய்க் காலியான மேசையில் உட்காரலாம். கவுண்டருக்குப் போகக் கூடாது, பரிசாரகர் வருவார். கொஞ்சம் விறைப்பாக இருப்பார்; அது அந்த ஊர்ப் பாணி, உங்கள் மேல் கோபம் இல்லை. ‘ஒரு காபி’ என்று பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். மெலாஞ்ச் என்றால் பாதிக்குப் பாதி பால், மேலே நுரை, நமக்கு ஒத்துவரும். கிளைனர் பிரவுனர் என்றால் சிறிய கறுப்புக் காபி, பக்கத்தில் குட்டிக் குவளையில் பால். ஐன்ஷ்பென்னர் கண்ணாடித் தம்ளரில் வரும், கறுப்புக் காபியின் மேல் அடித்த க்ரீம் ஒரு குன்றாக நிற்கும். கலக்காமல், க்ரீமுக்குக் கீழேயிருந்து சூடான காபி வருகிற மாதிரி குடிக்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் வெள்ளி நிறத் தட்டில் வரும். கோப்பை, சர்க்கரை, ஒரு தம்ளர் தண்ணீர், அந்தத் தம்ளரின் வாயில் கவிழ்த்து வைத்த கரண்டி. தண்ணீருக்குத் தனிக் காசு இல்லை. கிளம்பும்போது “ட்சாலென், பிட்டே” என்றால் கணக்கைக் கொண்டுவருவார். இங்கே டிப்ஸ் 10 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கொடுப்பது வழக்கம். காசை மேசையில் விட்டுவிட்டு வர வேண்டாம். கணக்கு 9 யூரோ 20 காசு என்றால் நோட்டை நீட்டும்போதே “பத்து” என்று சொல்லிவிட வேண்டும், மீதியை அதற்கேற்பத் தருவார்.

எங்கே போவது என்று கேட்டால், கும்பென்டோர்ஃபர் தெருவில் 1880இலிருந்து இருக்கிற ஸ்பெர்ல், அல்லது டோரோத்தேயர் சந்தில் 1939இல் தொடங்கிய ஹவெல்கா. ஹவெல்காவில் இரவு எட்டு மணிக்கு மேல், உள்ளே பிளம் பழக்கூழ் வைத்த புக்டெல்ன் என்ற இனிப்பு பன் அடுப்பிலிருந்து சுடச்சுட வரும். அந்த வாசனைக்காகவே ஒரு ராத்திரி ஒதுக்கலாம்.

கொட்டை வாங்கி வர

ஸ்பெஷாலிட்டி கடைகளில் 250 கிராம் பைகளில் விற்பார்கள். பையில் முதலில் வறுத்த தேதியைப் பாருங்கள். நேற்று வறுத்தது வேண்டும் என்று தேட வேண்டியதில்லை; இளம் வறுவல் கொட்டை ஒன்றிரண்டு வாரம் ஓய்ந்த பிறகுதான் நன்றாக இருக்கும். தேதியே போடாத பையை வாங்காதீர்கள்.

ஊரில் உங்களிடம் இருப்பது பித்தளை ஃபில்டரோ எவர்சில்வர் ஃபில்டரோ என்றால், ‘ஃபில்டர்’ என்று எழுதிய இளம் வறுவல் பையை வாங்க வேண்டாம். டிகாக்‌ஷன் நீர்த்து இறங்கும், பாலில் கலந்தால் புளிப்பு தனியாக நிற்கும். ‘எஸ்பிரெஸோ’ என்று எழுதிய பையைக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாக வறுத்திருப்பார்கள், பாலோடு சேரும். வி60 கூம்பு இருந்தால் மட்டும் அந்த இளம் வறுவல். கடையில் அரைத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். வீட்டில் கிரைண்டர் இல்லாதவர்கள் அரைத்தே வாங்கலாம், எந்தக் கருவியில் போடப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். நம் ஃபில்டரை அவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் கைபேசியில் ஒரு படம் காட்டி, எஸ்பிரெஸோவுக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் கரகரப்பாக என்று சொன்னால் சரியாக வரும். அரைத்த பொடி சீக்கிரம் மணம் இழந்துவிடும், ஊர் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள்.